வாயில் கொழுக்கட்டை

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் நான் அரைப்பட்டினி கிடந்ததற்கு ஒரே எழுத்துதான் காரணம்: நோ. தமிழில் அதற்கு வலி என்றும் பொருள் உண்டு. அனுபவித்தவள் சொல்கிறேன்.

நான் மதுரைக்காரி. யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்பேன். அது மரியாதைக்கு. இரண்டாம் தடவை கேட்கும்போது சும்மா சிரிக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்க மாட்டார்கள், இலையில் வைத்தே விடுவார்கள். இந்த ஊரிலோ முதல் தடவையே நம்பிவிடுகிறார்கள். நான் நோ சொன்னதும் கேக் தட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். அது போகிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கேக்கோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பிப்ரவரியில், என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், ஆய்வேட்டை முடிக்கக் கூடுதல் அவகாசம் வேண்டுமா என்று கேட்டார். ஜூனில் கொடுத்தாக வேண்டும். எழுதாத அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. விசாவும் ஜூனோடு சரி. அவர் அவகாசம் தந்தால்தான் அதுவும் நீளும். இத்தனையும் தெரிந்திருந்தும் என் பாழாய்ப்போன வாய், "நோ, நோ, ஐ ஆம் ஃபைன்" என்றது. மனிதர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மறுபடி கேட்பார் என்று மார்ச் முழுக்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை. ஞாபகப்படுத்தலாமே என்று அவர் அறை வாசலில் நின்று இருமிப் பார்த்தேன். இருமல் மிட்டாய் கொடுத்தார். அதையும் வேண்டாம் என்றேன்.

ஆக்லாந்தின் புறநகரான பாபடோயிட்டோயில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவள் யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையே வச்சிருக்கிறீர்? வாயைத் திறந்து கேளுமன்."

"நானா எப்படிக் கேக்குறது? அவர்தான் இன்னொரு தடவ கேக்கணும். அதான் மரியாதை."

"ஓம், அந்த மரியாதையோட போய் பிளேன் ஏறும்."

ஏப்ரலில் பேராசிரியரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. அவர் யூதர். பஸ்கா பண்டிகை விருந்தை எங்கள் துறையின் பொது அறையில் வைத்திருந்தார். மின்னஞ்சலில் அழைத்ததால் என் வாய் குறுக்கே வரவில்லை. விரல்கள் 'வருகிறேன்' என்று தட்டிவிட்டன.

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலையானதை நினைக்கும் வசந்தகாலப் பண்டிகை அது. அதை ஆராய்ச்சி மாணவியோடு கொண்டாட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் நல்ல ரசிகர். வசந்தத்தின் அடையாளமாக மேசையில் பச்சைத் தழை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்கால மழை கொட்டிக்கொண்டிருந்தது. பூமியின் இந்தப் பக்கத்துக்குக் குடிவந்தால் பண்டிகையும் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்றார் பேராசிரியர்.

பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார். மேசையில் ஆக இளையவர் கேள்விகள் கேட்க வேண்டுமாம். கேட்காமல் விருந்து நகராதாம். சுற்றிப் பார்த்தேன். எல்லாம் நரைத்த தலைகள். முப்பத்தாறு வயதில் நான்தான் குழந்தை. ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். இன்று மட்டும் ஏன் புளிக்காத ரொட்டி, ஏன் கசப்பு என்று வாசித்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆளாளுக்கு ஆசையாகப் பதில் சொன்னார்கள். அடிமை கேள்வி கேட்க முடியாது, விடுதலையானவர் கேட்டே ஆக வேண்டும் என்றார் பேராசிரியர். நான் தலையைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டேன். பசி வேறு, பதில்களோ முடிவதாக இல்லை.

கசப்புக்கென்று ஏதோ ஒரு கிழங்கைத் துருவித் தந்தார்கள். மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. ஊருக்குத் திரும்பப் போகிறோமே என்ற அழுகையையும் அந்தச் சாக்கில் அழுது முடித்தேன்.

கடைசியில் கோழி சூப் வந்தது. புளிக்காத ரொட்டியைப் பொடித்து உருட்டி, அதில் மிதக்க விட்டிருந்தார்கள். பூரணம் இல்லாத கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தின்று முடித்ததும் பேராசிரியரின் மனைவி கரண்டியோடு வந்து இன்னொன்று வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்று என்றார். போதும் என்று சிரித்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்காமல் கிண்ணத்தில் போட்டார்.

இந்த ஊரில் என் 'வேண்டாம்' என்பதை நம்பாத முதல் ஆள். அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உருண்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். அந்தத் தெம்பில், பேராசிரியர் பக்கம் திரும்பி, எனக்கு அவகாசம் வேண்டும் என்று சொல்லியும்விட்டேன். வெளியே வந்தது வெறும் ம்ம்ம்தான்.

அவர் காதை அருகில் கொண்டுவந்தார். "மன்னிக்கணும், என்ன கேட்டீங்க?"

இரண்டாம் தடவை கேட்டேவிட்டார். விழுங்கிவிட்டு, தெளிவாகச் சொன்னேன். அவர் விழித்தார். பிப்ரவரியில் கேட்டபோது வேண்டாம் என்றேனே என்றார்.

"அது முதல் தடவை" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் மனைவி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தன் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இந்த மனிதருக்கு அது பிடிபடவில்லை என்றார். பேராசிரியர் காது சிவக்க, இந்த மேசையில் இளையவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே என்றார். பண்டிகை முடிந்ததும் துறையில் பேசி ஏற்பாடு செய்துவிடுவாராம்.

"மூணு மாசம் போதுமா?"

'போதும்' என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதையும் உருண்டையைப் போலவே விழுங்கினேன்.

"போதாது. ஆறு மாசம் வேணும்."

அவர் சரி என்றார். அவர் மனைவி மூன்றாவது உருண்டையோடு வந்தபோது நான் கிண்ணத்தை நீட்டினேன்.