ஒரு மேசை, மூன்று பேர், மூன்று கப் பிளேன்டீ

"சின்னதா ஒரு நல்ல நாடகம் சொல்லுங்க, அரை மணி நேரத்துல முடியணும்" என்று யாராவது போன் செய்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கேட்பார்கள், பேங்க்காரர்கள் கேட்பார்கள், கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்பார்கள். நானும் உடனே சொல்லிவிட மாட்டேன், கொஞ்சம் பிகு செய்வேன். எத்தனை பேர் நடிக்கிறீர்கள், அதில் பெண்கள் உண்டா, மண்டபத்துக்குத் தகரக் கூரையா ஓட்டுக் கூரையா என்று கேட்பேன். ஊட்டியிலும் குன்னூரிலும் தகரக் கூரை மண்டபமென்றால் மெல்லப் பேசும் நாடகத்தை நான் தரவே மாட்டேன். மழை பிடித்தால் நடிக்கிறவர்கள் வாயசைப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டே பெண்கள் இருந்தால் பஸ் ஸ்டாப்பில் ஒரே குடைக்குள் நின்றுகொண்டு சம்பந்தி சண்டை போடும் நாடகம் ஒன்று இருக்கிறது, அதைத் தருவேன். பிள்ளைகளுக்கென்றால், தப்பான முகவரிக்கு வந்த பார்சலைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பமே அடித்துக்கொள்ளும் நாடகம். ஆனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது மூன்று கப் டீ நாடகத்தைத்தான்.

கதை ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியது. ஒரு வீடு. கணவன், மனைவி. கணவன் வேலை செய்யும் பேக்டரியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். உனக்கு இனி வேலை இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த வீட்டு மனைவி டீயை நீட்டுகிறாள். அவர் குடித்துவிட்டு, "டீ ரொம்ப நல்லா இருக்குங்க" என்பார். அவள் உடனே, "இன்னொரு கப் ஊத்தட்டுங்களா?" என்பாள். மூன்று கப் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார். அவர் போன பிறகுதான், முதல் கப்பிலேயே அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள் என்பது நமக்குத் தெரியும். இவ்வளவுதான் நாடகம். படிக்கும்போதே எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்கத் தோன்றும். எனக்கு நாடகத்தை எடை போட வேறு தராசு கிடையாது.

இதைக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுப்பேன். மேடையில் நிஜமான டீ கொடுப்பதாக இருந்தால், அதிகாரியாக நடிப்பவர் டீ டேஸ்டராக இருக்கக் கூடாது. எல்லோரும் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

அப்போது நான் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஏலத்துக்கு வரும் தேயிலையை எங்கள் டேஸ்டர் ருசி பார்த்துச் சொல்லச் சொல்ல, அந்த அறிக்கைகளை டைப் அடிப்பது என் வேலை. வருஷா வருஷம் எங்கள் மனமகிழ் மன்றத்து ஆண்டு விழாவில் நாடகம் உண்டு. எப்போதும் ராஜா நாடகம்தான். கோயம்புத்தூரிலிருந்து கிரீடமும் வாளும் வாடகைக்கு வரும். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் மன்னர், டெஸ்பாட்ச்சில் இருப்பவர் பகை மன்னர். பட்டு அங்கிக்குள்ளே ஸ்வெட்டர் தெரியும். பகை மன்னர் சாவதற்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன், வருஷக்கணக்காக. எனக்கு எரிச்சலாக வரும். சின்னப் பத்திரிகைகளில் வரும் ஓரங்க நாடகங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்துவிட்டு, இதில் ஒன்றையாவது மேடையில் பார்க்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்தது பகை மன்னரின் சாவு.

தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த வருஷங்கள் வந்தன. சிறு தோட்டக்காரர்கள் இலையைப் பறித்தால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று செடியை அப்படியே விட்டார்கள். குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறின. எங்கள் ஆபீசிலும் செலவையெல்லாம் வெட்டினார்கள். முதலில் வெட்டுப்பட்டவர்கள் ராஜாக்கள். கிரீடம் கிடையாது, வாள் கிடையாது, விழாவே வேண்டாம் என்று பேச்சு வந்தபோது நான் மேனேஜரிடம் போய் நின்றேன். செலவே இல்லாத நாடகம் என்னிடம் இருக்கிறது என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்கம்மா, ஒரு தடவை போட்டுப் பாருங்க. சரியா வரலைன்னா, நெலம சீரானதும் மறுபடி ராஜா நாடகம்தான். அப்புறம் இந்தப் பேச்சோட எங்கிட்ட வரக் கூடாது" என்றார். அந்த ஒரு தடவைக்காகத்தான் நான் அத்தனை வருஷம் காத்திருந்தேன்.

மனைவியாக எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். பால் விடாத டீயைப் பிளேன்டீ என்றுதான் சொல்வாள், நாடகத்திலும் அப்படியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கணவனாக ஸ்டோர் கிளார்க். அவருக்கு வசனம் குறைவு, அதுவே அவருக்கு அதிகம். அதிகாரியாக எங்கள் டேஸ்டர். நெடுநெடுவென்ற ஆள், நல்ல குரல், பொய் பேசும்போது காது சிவக்கும். அதிகாரி வேஷத்துக்கு அந்தக் காது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது. நாள் முழுக்கக் கப் கப்பாக டீயை உறிஞ்சித் துப்புகிறவர், ஒரு சொட்டுகூட உள்ளே இறக்க மாட்டார். வீட்டில் காபிதான்.

ஒத்திகை டேஸ்டிங் ரூமில், வேலை முடிந்த பிறகு. அங்கிருக்கும் காதில்லாத வெள்ளைக் கப்புகளையே வைத்துக்கொண்டோம். வெறும் கப்பு. அவர் உதட்டில் வைத்து எடுத்துவிட்டு, "டீ ரொம்ப நல்லா இருக்குங்க" என்பார், காது சிவக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் விழாவன்று கேன்டீனில் சொல்லி நிஜமான டீ போட வைத்தேன். ஆவி பறக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு நாக்கில் ஊற வேண்டும் என்பது என் ஆசை. வாடகைக்கு வேறு பாத்திரம் எடுக்க வழியில்லாததால் அதே டேஸ்டிங் கப்புகள்தான் மேடைக்கும் போயின. மேடைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேனேஜர் வீட்டு ரோஜாத் தொட்டி ஒன்றை வாங்கி வந்து நாற்காலிக்கு இடது பக்கத்தில் வைத்தேன். டேஸ்டிங் ரூமில் அவருக்கு இடது பக்கத்தில் என்ன இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் மேனேஜரும் பெரிய மனிதர்களும். பின்னால் எங்களுக்குத் தேயிலை அனுப்பும் பேக்டரிகளுக்கு இலை கொடுக்கும் சிறு தோட்டக்காரர்கள், சுற்று வட்டாரப் படுகர் ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாடகம் தொடங்கியது. ஆபரேட்டர் தட்டில் கப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி அழகாகப் பறந்தது. டேஸ்டர் கப்பைக் கையில் எடுத்தார். அந்தக் கப்பு, அந்தச் சூடு, அந்த வாசனை. கை பழகினபடி போய்விட்டது. மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். வாய்க்குள் ஒரு சுற்று சுற்றினார். இடது பக்கம் திரும்பி ரோஜாத் தொட்டியில் துப்பினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு பாருங்கள் சிரிப்பை. தேயிலைக்காரர்கள் அல்லவா, அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. சின்னக் குழந்தைகள்கூட உறிஞ்சிக் காட்டின. டேஸ்டர் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார். என் ஒரு தடவை ரோஜாத் தொட்டியோடு போயிற்று என்று நினைத்தேன்.

ஆபரேட்டர் மட்டும் பதறவில்லை. லைன் கட்டானால் மறுபடி போட்டுக் கொடுப்பதுதானே அவள் வேலை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "ஏங்க, பிளேன்டீ நல்லா இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அவர் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேன்டீன்காரர் அதை அரை மணி நேரம் கொதிக்க விட்டிருந்தார். எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், டீயில் சொல்ல முடியாது அந்த மனிதருக்கு. கப்பைக் கீழே வைத்தார்.

"கொதிக்க வெச்சுக் கெடுத்துட்டீங்க அம்மணி" என்றார். பிறகு பின் வரிசைகளைப் பார்த்தார். "ஆனா இலையில குத்தமில்லீங்க. வெலையிலதான் குத்தம்."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. விலை விழுந்ததிலிருந்து அந்த ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே பேச்சு, உங்கள் இலை மட்டம், முற்றின இலை, அதனால்தான் விலை இல்லை என்பது. அப்படி எழுதின அறிக்கைகளை நானே என் கையால் டைப் அடித்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு டேஸ்டர், வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, குத்தமில்லை என்கிறார். கடைசி வரிசையில் ஒருவர் கை தட்டினார். அப்புறம் மண்டபமே தட்டியது. முன் வரிசையில் மேனேஜர் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "அந்த வசனம் எங்கிருந்து வந்துச்சு?" என்று டேஸ்டரைக் கேட்டார். டேஸ்டரின் காது சிவக்கவே இல்லை. உண்மையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆபீசின் அறிக்கைக்கு எதிராக ஆபீசின் டேஸ்டரே ஊரறியப் பேசினார் என்றால் அவர் வேலை போய்விடும்.

"நாடகத்துலயே இருக்குதுங்க சார்" என்றேன் நான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா? அப்ப அடுத்த வருஷம் ராஜா நாடகமே போட்டுக்கலாம். அதுல இலையும் கிடையாது, வெலையும் கிடையாது." வெளியே வந்ததும் டேஸ்டர், "ஏனுங்க, உங்க நாடகத்தை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே" என்றார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் டேஸ்டர் சொன்ன மறுமொழியைப் போல ஒரு வசனத்தை எந்த ராஜா பேசியிருக்கிறார்?

கொஞ்ச நாளில் ஒரு பெரியவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து என்னைத் தேடினார். அன்றைக்குக் கடைசி வரிசையில் முதலில் கை தட்டினவர். அந்த நாடகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் போட வேண்டும் என்றார். "டீ மட்டும் நாங்க போட்டுத் தர்றோமுங்க. எங்க இலை" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு டேஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஆபீசுக்குத் தெரிந்தால் வம்பு, வராவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை நான் டேஸ்டர் இல்லீங்களே" என்றார்.

அன்றைக்கும் டேஸ்டராகவே இருந்துவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயமே. அந்த ஊர் ஜனங்கள் முன்னால் அவர்கள் போட்ட டீயைத் துப்பினால் என்ன ஆகும்? நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்லிவிடக் கூடிய ஆள். "தயவுபண்ணிக் குடிச்சிருங்க" என்று பஸ்ஸில் போகும்போது கெஞ்சினேன். "பாக்கலாமுங்க" என்றார்.

மதிய வெயிலில், ஊர்ப் பொது மைதானத்தில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும். ஊரே கூடியிருந்தது. அதிகாரியின் நாற்காலிக்கு இடது பக்கத்தில், தேய்த்துப் பளபளவென்று ஒரு பித்தளைப் பாத்திரம் வைத்திருந்தார்கள். யாரும் கேலிக்கு வைக்கவில்லை. டேஸ்டர் வந்தால் துப்ப வேண்டும், அது அவர் தொழில், அதற்கு மரியாதையாக நல்ல பாத்திரமாக வைக்க வேண்டும் என்று அவர்களாகவே யோசித்து வைத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபரேட்டர் கப்பைக் கொண்டுவந்தாள். முந்தின நாளே கொழுந்து மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளி வைத்திருந்தார்களாம், கையால் கசக்கி, அடுப்பில் வாட்டி அவர்களே செய்த தேயிலை. டேஸ்டர் கப்பை எடுத்தார். அதே உறிஞ்சு. ஒருவரும் சிரிக்கவில்லை. வாய்க்குள் சுற்றினார். இடது பக்கம் திரும்பினார். ஊர் முழுக்க அவரோடு சேர்ந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார், முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"டீ ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். எழுதியிருந்த வசனம்தான், ஓர் எழுத்து மாறவில்லை. காதும் சிவக்கவில்லை.

எங்கள் ஆபரேட்டர் கெட்டிக்காரி, இருந்தும் அவளுக்கே அடுத்த வசனம் மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல் சொல்லிவிட்டது.

"இன்னொரு கப் ஊத்துங்க."

நாடகத்திலும் அடுத்தது அதுதான்.