ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்

கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் எதிர்ச்சுவரில் விலைப்பட்டியல் தொங்கியது. ரத்தத்துக்கு இவ்வளவு, எக்ஸ்ரேக்கு இவ்வளவு, மேமோகிராமுக்கு இவ்வளவு என்று, ஓட்டலில் இட்லி வடைக்கு எழுதிவைப்பதைப் போல. நான் அதன் முன்னால் நின்று இரண்டு முறை படித்தேன். பிறகு கவுண்டரில் இருந்த பெண்ணிடம், இதில் எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டேன். சேர்ந்ததுதான் என்றாள். படம் எடுப்பவருக்குத் தனியாக, அதைப் பார்த்துச் சொல்லும் டாக்டருக்குத் தனியாக, பின்னால் வீட்டுக்கு வேறு பில் ஏதாவது வருமா என்றும் கேட்டேன். "எதுக்குங்க வரும்?" என்றாள். தன்னை ஏமாற்றுக்காரி என்று நான் நினைப்பதாகப் பட்டிருக்க வேண்டும், முகம் சுருங்கிவிட்டது. கூட வந்திருந்த என் அண்ணன் மனைவி சமாதானம் செய்தார். "இவ பல்லடந்தான் கண்ணு. அமெரிக்காவுல இருந்து வந்திருக்கறா, அதான் இப்படிக் கேக்கறா."

அப்படிக் கேட்க நான் கற்றுக்கொண்டது ஒஹாயோவில். அங்கே போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. போன புதிதில் என் மகன் பூங்காவில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று தையல். சிரித்த முகத்தோடு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். யாரும் காசு கேட்கவில்லை. என்ன தேசமடா இது என்று நானும் என் கணவரும் காரில் வரும்போது மெச்சிக்கொண்டோம். அதன் பிறகு நான்கு மாதம் தபாலில் பில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, நாங்கள் கண்ணாலேயே பார்க்காத யாரோ ஒருவருக்கு ஒன்று. நடுநடுவே 'திஸ் இஸ் நாட் எ பில்' என்று தலையில் அச்சடித்த கடிதங்களும் வந்தன. பில் இல்லை என்றால் ஏன் அனுப்புகிறாய் என்று கேட்க ஆளில்லை.

சூடு கண்ட பூனை ஆனேன். எமர்ஜென்சிக்குப் போகாமல் செலவு குறைந்த அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குப் போகவேண்டிய சமயம் எது, எந்த டாக்டர் நம் காப்பீட்டின் நெட்வொர்க்குக்குள் இருக்கிறார், எந்த மாத்திரைக்கு விலை குறைந்த ஜெனரிக் உண்டு என்று எல்லாவற்றையும் படித்தேன். எந்த பில் வந்தாலும் கூப்பிட்டு ஐட்டம் வாரியாகக் கேட்பேன். கேட்டால் பாதி நேரம் ஏதாவது குறையும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பில்லைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. எனக்கும் பெருமை தாங்கவில்லை. டிடக்டபிள் என்றால் என்னவென்று புதிதாக வந்தவர்களுக்கு நான்தான் விளக்குவேன்: மாதாமாதம் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய பிறகும் வருடத்தின் முதல் சில ஆயிரம் டாலரை நாம்தான் கொடுக்க வேண்டும், ஜனவரி பிறந்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

போன நவம்பரில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவு, வலியில்லை. பயம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தோடு சேர்ந்து கணக்கும் வந்தது. அடுத்த நாள் பரிசோதனை மையத்துக்குப் போன் செய்தேன். வருடாந்தரச் சோதனை என்று மேமோகிராம் எடுத்தால் இலவசம், கட்டி இருக்கிறது என்று எடுத்தால் அது வேறு வகை, அதற்கு டிடக்டபிள் உண்டு என்று ஒரு பெண் விளக்கினாள். சரி, கட்டி இருப்பதை ஒருவர் சொல்லாமல் இருந்துவிட்டால் என்று இழுத்தேன். "மேம், உங்களுக்குக் கட்டி இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டாள். என் சந்தேகம் விலையைப் பற்றியது, அவள் கேட்டது என் உடம்பைப் பற்றி. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நவம்பரில் ஆரம்பித்தால் ஜனவரியில் இரண்டாவது தடவை டிடக்டபிள் கட்ட வேண்டிவரும், ஆகவே ஜனவரி வரட்டும் என்று இருந்தேன். ஜனவரி வந்ததும், ஜூனில் ஊருக்குப் போகிறோமே என்று தோன்றியது. புலம்பெயர்ந்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு ஊர் லிஸ்ட் இருக்கும். பல் அடைப்பது, கண்ணாடி மாற்றுவது, தைராய்டு பார்ப்பது, கணவரின் முதுகுவலி என்று வருடம் முழுக்க நோயைச் சேமித்து, விடுமுறையில் கொண்டுபோய் இறக்கிவைப்போம். என் லிஸ்டில் நான்காவதாக 'கட்டி' என்று எழுதினேன். என் கணவரிடம் ஏப்ரலில்தான் சொன்னேன். உடனே இங்கேயே காட்டு என்று கோபித்தார். இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, இரண்டு மாதம்தானே என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

பல்லடத்தில் என் அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அவர் மனைவியை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் சொல்வோம். அவரிடம் மஞ்சள் பை ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லாருடைய ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், மருந்துச்சீட்டு அதில் வருட வாரியாக இருக்கும். எந்த டாக்டர் தேவையில்லாமல் ஊசி போடுகிறார், எவர் நின்று பேசுகிறார் என்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பெண்களிடம் விசாரித்தே தெரிந்துவைத்திருப்பார். அப்படியும், அண்ணனின் முதுகுவலிக்கு மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று தடவை ஒரே ஸ்கேன் எடுக்கவைத்தார்கள்; அடுத்தவன் எடுத்த படத்தை ஒருவரும் ஏற்கவில்லை. ஆக, இங்கேயும் தப்பிக்க வழியில்லைதான். வந்த மூன்றாம் நாள், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, லிஸ்டைப் படிப்பதுபோல நங்கையாவிடம் நான்காவதையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏனம்மணி, ஏழு மாசமாவா வெச்சுட்டு இருந்தே? கோழி ஒரு நாளைக்குத் தீவனம் எடுக்கலைன்னா உங்கண்ணன் டாக்டருக்குப் போன் பண்ணிப்போடறாரு. உனக்கு அத்தனை படிப்பு இருந்து என்ன பண்றது?"

நான் டிடக்டபிளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். ஒஹாயோவில் அவ்வளவு தெளிவாக இருந்த நியாயம் அந்தச் சமையலறையில் வாயிலிருந்து வர மறுத்தது. பாதியில் அழுதுவிட்டேன். நங்கையா பண்ணையிலிருந்த அண்ணனைக் கூப்பிட்டு, காரை எடுத்துவரச் சொன்னார்.

அன்றைக்கே காந்திபுரத்தில் படம் எடுத்து, மறுநாள் நங்கையாவுக்குத் தெரிந்த பெண் மருத்துவரிடம் காட்டினோம். எப்போதிருந்து என்று அவர் கேட்டார். ஏழு மாதம் என்றதும் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அங்கே இல்லாத வசதியா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் இல்லை என்றேன். அது அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சரியாகப் புரியவில்லை. ஊசியால் சதை எடுத்து அதே பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும், சேமித்த டாலரை எல்லாம் கொடுத்து அந்த நவம்பரைத் திரும்ப வாங்க முடியுமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் சில இடத்தில் மாறத் தொடங்கியிருக்கின்றன, தள்ளிப்போடாமல் கட்டியை எடுத்துவிட வேண்டும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்றார் மருத்துவர். இங்கேயே அந்த வாரம் செய்யலாம், அல்லது ஒரு மாதத்துக்குள் அங்கே செய்யலாம். இங்கே செய்தால் மொத்தச் செலவை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அங்கே எவ்வளவு ஆகும் என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது. கை பழக்கத்தில் ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் கூட்டிக் கழிக்கத் தொடங்கியது. மருத்துவர் பொறுமையாகக் காத்திருந்து சொன்னார்.

"எங்க பாத்தாலும் சரிங்க. ஆனா ஒரே எடத்துல பாருங்க. ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்கன்னு வேண்டாமுங்க. நீங்க எந்த ஊர்ல இருப்பீங்க, அதச் சொல்லுங்க."

இது சாதாரணக் கேள்வி. என் வீடு, வேலை, மகனின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒஹாயோவில். உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் கோயமுத்தூர் என்று எப்படிப் பதில் சொல்வது? அங்கேதான் இருப்பேன் என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்து ஒஹாயோவில் அறுவைசிகிச்சைக்கு நாள் கேட்டு எழுதினேன். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக விலை கேட்கவில்லை. அது புத்தியா, பயமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அங்குள்ள மருத்துவர்களுக்குக் காட்ட, எடுத்த சதையை வாங்கிப்போக வேண்டியிருந்தது. மெழுகுக் கட்டிக்குள் பதித்து பிளாக் என்று வைத்திருக்கிறார்கள், விரல்நகம் அளவு. இரண்டு இருப்பதாகவும், எல்லாரும் இரண்டையுமே வாங்கிப்போவார்கள் என்றும் பரிசோதனைக்கூடத்துக்காரர் சொன்னார்.

"ஒண்ணு இங்கயே இருக்கட்டுங்க" என்றேன்.

பெட்டி தொலைந்துபோனால் உதவும் என்று ஒரு காரணமும் சொன்னேன். அவர் தலையாட்டி ஒன்றை என்னிடம் தந்து, மற்றதை உள்ளே கொண்டுபோனார். நங்கையா என் முகத்தைப் பார்த்தார், பிறகு ரசீதை வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

ஒஹாயோவில் கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்டது எதுவும் இல்லை. பில்கள் வந்துகொண்டிருக்கின்றன, பழையபடி கூப்பிட்டுச் சண்டை போடுகிறேன், சிலது குறைகிறது. என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல இப்போது என்னிடம் ஒன்றுதான் உண்டு: விலையைக் கேளுங்கள், ஆனால் காட்டிய பிறகு கேளுங்கள். அதுவும் சரியான யோசனையா என்று அவர்கள் போன பிறகு குழம்புகிறேன்.

அங்கே எடுத்த கட்டியை ஆஸ்பத்திரிக்காரர்களும் மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களாம். காந்திபுரத்து அலமாரியில் நான் கொஞ்சம் இருக்கிறேன், ஒஹாயோ ஆஸ்பத்திரியின் கிடங்கில் கொஞ்சம் இருக்கிறேன். மிச்சத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஜூனுக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.