டெல்பின் கேட்ட பத்து நாள்

என் தங்கை டெல்பின் பத்தாவது வரை படித்தவள். நான் எட்டு. ஆறு வருடம் மீன் கம்பெனியில் இறால் உரித்தாள். இப்போது அதே கம்பெனிப் பெண்கள் நாற்பத்திரண்டு பேர் தங்கும் விடுதிக்கு அவள்தான் வார்டன். விடுதியின் கழிவுநீர் ஓடை வழியாக வந்து, நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்தில்தான் கடலில் விழுகிறது.

போன நவம்பர் ஒன்பதாம் தேதி வலையின் மடியை, மீன் சேரும் பையை, அவிழ்த்தோம். நெத்திலிக்கு நடுவே நாப்கின்கள். எண்ணினேன், பதினொன்று. மீன் எடுக்க வந்த வியாபாரி வெறுங்கூடையோடு திரும்பிப் போய்விட்டார். வலைக்காரர் ஜெஃப்ரி அத்தனையையும் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு விடுதிக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

"ஏளா டெல்பின், ஒங்க வீட்டுச் சரக்கு. எடுத்துக்க."

"கக்கூஸ்ல போடக் கூடாதுன்னு சொல்லிக் குப்பைத்தொட்டி வச்சிருக்கேன், ஜெஃப்ரி அண்ணன்."

"அப்ப இது நடந்தா வந்துச்சு?"

"தொட்டிய எங்கன வச்சிருக்க?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தொட்டி கேட்டருகில், வாட்ச்மேன் தேவபிரசாதம் அண்ணாச்சியின் நாற்காலியை ஒட்டி இருந்தது. கடையில் வாங்கும் போதே பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் மறைத்துக் கொண்டுவருகிற பொருள். அதை அவர் முன்னால் எந்தப் பெண் கொண்டுவந்து போடுவாள்?

டெல்பினுக்குப் புரிந்துவிட்டது.

"பத்து நாள் குடுங்க. அதுக்குப் பொறவு எங்க வீட்டுது ஒண்ணு வந்தாலும் எல்லா கக்கூஸையும் நானே பூட்டிருதேன்."

நாற்பத்திரண்டு பெண்கள் எங்கே போவார்கள்? அவளும் யோசித்திருப்பாள்.

அன்றே ஆறு கழிப்பறைக்குள்ளும் மூடியுள்ள தொட்டி வைத்தாள். சுற்றிப் போடப் பழைய பேப்பரைத் துண்டு போட்டுச் சணலில் தொங்கவிட்டாள். தினமும் விடியலில் தொட்டிகளை அவளே சுமந்துபோய்க் குப்பை வண்டியில் கொட்டினாள்.

பதினோராம் நாள் காலையில் கரைக்கு வந்து நின்றாள். மடி கரையேறியது. ஜெஃப்ரி இரண்டு கையாலும் பரப்பினார். நெத்திலி, காரல், பாசி. மூச்சு விட்டேன். அப்போது அவர் இரண்டு விரலால் எதையோ தூக்கினார். பேண்டேஜ் துணி. முடிச்சுகூட அவிழவில்லை.

"பழசு. பைப்புல கெடந்திருக்கும்" என்றேன்.

டெல்பின் என்னை முறைத்தாள்.

"இல்லண்ணன். முந்தாநாள் வெரல வெட்டிக்கிட்டு வந்தவளுக்கு நான்தான் கட்டிவிட்டேன். என் முடிச்சு. நாப்கினச் சொன்னேன், இதச் சொல்ல விட்டுட்டேன். தப்பு என்னுது."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு நடந்தாள்.

"ஏளா, நில்லு!" ஜெஃப்ரி கத்தினார். "பதினொண்ணு ஒண்ணாயிருக்கு. ஒங்கண்ணன் பொய் சொல்லியும் நீ சொல்லல. பூட்டாத. இன்னும் பத்து நாள் தாரேன்."

அவள் நின்றாள். "மணி என்ன அண்ணன்?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆறு இருவது."

"குளிக்கப் போற நேரம். வெரல் கட்டக் கழத்திக் கக்கூஸ்ல போட்டுருவாளுவ!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினாள்.