மச்சானின் மேல்பல்

மச்சான் கடைக்கு வருகிறார் என்பதை அவருக்கு முன்னால் வந்து சொல்வது கிராம்புத் தைல வாசனைதான். காக்கிச் சட்டையின் இடது பையில், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில், சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். மூடி சரியாக இறுகாத குப்பி. பையைச் சுற்றி எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்து, எப்படித் துவைத்தாலும் போகாமல், அக்காவிடம் தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில் நான் காளவாசலில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். அக்காவும் மச்சானும் அதே பகுதியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். மச்சான் உசிலம்பட்டி மார்க்கத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து, கன்னத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்.

வலியைக்கூட அவர் டிரைவர் பாஷையில்தான் சொல்வார். "மாப்ள, இன்னைக்கு செகண்ட் கியர்தான், ஒரு மாத்திரை போதும்" என்றால் ஓரளவு சௌகரியம் என்று அர்த்தம். "டாப்புல போகுது மாப்ள" என்றால் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வலது மேல் கடைவாயில் ஒரு பல். அதன் நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம், மிளகு வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து அதில் திணித்துக்கொண்டு வண்டி ஓட்டுவார். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார், புகையிலையை அடக்கிக்கொள்வார். ஒருமுறை அழகர்கோவிலுக்குப் போன இடத்தில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குள் புகை பிடிக்கவைக்கும் ஒரு ஆளிடமும் போய் உட்கார்ந்திருக்கிறார். புகை போட்டு முடித்ததும் அந்த ஆள் உள்ளங்கையில் வெள்ளையாக எதையோ காட்டி, "பூச்சி வந்திருச்சு சாமி" என்றானாம். பூச்சி போய்விட்டது, வலி மட்டும் மச்சானோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது.

"புடுங்கிப் போட்டுட்டா முடிஞ்சது மச்சான்" என்று நான் சொல்லாத நாளில்லை. அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "கீழ்ப்பல்லா இருந்தா நானே கொறடு வச்சுப் புடுங்கியிருப்பேன். இது மேல்பல்லு மாப்ள. கண்ணு நரம்புல போய்ச் சேருது. புடுங்குனா கண்ணு போயிரும்." இது அவர் ஒருவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அந்தக் காலத்தில் மதுரையில் பாதிப் பேர் இதைச் சத்தியமாக நம்பினார்கள். கடைக்குப் பல்வலியோடு வருகிறவர்கள், மேல்பல்லா கீழ்ப்பல்லா என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை கேட்பார்கள். மேல்பல் என்றால் குரலே இறங்கிவிடும்.

மச்சானுடைய பயத்துக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. சர்க்கார் பஸ்ஸுக்கு டிரைவர் வேலைக்கு அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி ஓட்டிக் காட்டியதில் தேறிவிட்டார். கண் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதில் தவறினால் வேலை கிடையாது. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் மறுபடி கூப்பிடவும் மாட்டார்கள். அவரோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், மேல்பல்லைப் பிடுங்கிய அடுத்த வருஷமே கண் பரிசோதனையில் தவறி, ஷெட்டில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு வயதாகிக் கண் மங்கியிருக்கலாம் என்று நான் சொன்னால் மச்சான் காதில் ஏறாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பல் போனது, கண் போனது, கையில் வாளி வந்தது.

பரிசோதனைக்கு நாள் குறித்த பிறகுதான் பல் தன் வேலையைக் காட்டியது. ஒரு காலையில் அக்கா பதறிப்போய் என்னைக் கூப்பிட வந்தாள். போய்ப் பார்த்தால் மச்சானின் வலது கன்னம் பணியாரம்போல உப்பி, வீக்கம் மேலே ஏறி, கண் முழுதாக மூடிக் கிடந்தது. இமையை விரலால் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று அதைக் கட்டிக் காத்த மனுஷருக்கு, பிடுங்காததால் கண் மூடிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவருடைய மற்றொரு கண்ணில் தண்ணீர் நின்றது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில், சைனாக்காரர் ஒருவர் பல் வைத்தியம் பார்த்துவந்தார். வாசலில் இரண்டு வரிசைப் பற்கள் வரைந்த பெரிய பலகை தொங்கும். அவர் அப்பா காலத்திலேயே மதுரைக்கு வந்துவிட்ட குடும்பம். வாயைத் திறந்தால் நம்ம ஊர் ஆள்தான். மச்சானின் கன்னத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வேர்ல சீழ் கட்டிருச்சுண்ணே. வீக்கம் இருக்கயில கைவைக்க மாட்டேன். ஊசி போட்டு மாத்திர தாரேன். வடிஞ்ச ஒடனே வாங்க, புடுங்கிருவோம். விட்டுட்டீகன்னா மறுபடி எப்ப வீங்கும்னு எனக்கே தெரியாது" என்றார்.

வீக்கம் வடிந்தது. கண் திறந்தது. மச்சான் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சு மாப்ள, மாத்திரையிலயே அமுங்கிப் போச்சு. இனி எதுக்குப் பல்லப் புடுங்கணும்?" என்று கிராம்புக் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மருந்துக் கடையில் நான் தினமும் பார்க்கிற கதைதான். வலி நின்றால் மனிதர்களுக்குப் பல்லின் ஞாபகமே நின்றுவிடும். உள்ளே சீழ் பத்திரமாகக் காத்திருக்கும். பரிசோதனை நாளன்று காலையில் அந்தக் கண் மறுபடி மூடிக்கொண்டால் என்ன செய்வது என்ற நினைப்பில் எனக்குத்தான் வேலை ஓடவில்லை.

அக்கா கடைக்கு வந்தாள். கூட்டம் குறைகிற வரை ஓரமாக நின்றாள். "தம்பி, மேல்பல்லப் புடுங்கினா நெசமாவே கண்ணு போயிருமாடா?"

"அதெல்லாம் ஒண்ணும் போகாதுக்கா."

"ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும்? மாத்திரைப் பெயரைப் படித்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். "டாக்டரு சொல்றாரு" என்றேன். அவளும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தானே. முழுக்க நம்பவும் இல்லை, முழுக்கத் தள்ளவும் இல்லை. பிறகு, "நாளைக்கு எனக்குப் பல்லு காட்டணும்னு சொல்லி அவரக் கூட்டியாரேன். நீயும் வா" என்றாள்.

மறுநாள் நாற்காலியில் அவளே ஏறி உட்கார்ந்தாள். மச்சான் தள்ளி, பஸ் இரைச்சல் அடைக்கும் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார்; இங்கே பேசுவது அவருக்குக் கேட்காது. டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, "மேல, கோரப்பல்லுக்கு அடுத்ததுல சின்னச் சொத்தை இருக்குக்கா. அடைச்சிரலாம்" என்றார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். "அடைக்கிறதுக்கு நான் வரலண்ணே. புடுங்குங்க. அவரு பாக்கணும்." டாக்டர் மறுத்துப் பார்த்தார். "எனக்குக் கண்ணு போனா சோத்தத் தடவித் தடவியாவது பொங்கிருவேன். அவரு பஸ்ஸத் தடவியா ஓட்டுவாரு?" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊசி போடும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் எனக்குத் தெரிகிறது. கை ஐஸாக இருந்தது. போகாது என்று தெரிந்து உட்கார்ந்தவளின் கை அப்படி இருக்காது. போனாலும் போகட்டும் என்றுதான் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் என் கூடப் பிறந்தவள் என்பதில் எனக்கு அன்று வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

பல் வெளியே வந்தது. மச்சான் ஓடிவந்தார். முதலில் தன் உள்ளங்கையால் அவள் இடது கண்ணைப் பொத்தினார், பிறகு வலது கண்ணை. "ஏ புள்ள, தெரியுதா?" ஜன்னலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போய், "அந்தா வளையிற பஸ்ஸு எந்த ஊரு பஸ்ஸு, போர்டப் படி" என்றார். பதற்றத்தில் பெண்டாட்டிக்கு எழுத்துத் தெரியாது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அக்கா வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"போர்டு எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டுறது உங்க சேக்காளி. சட்டையில மேல் பொத்தான் போடல."

"அக்கா, பஞ்ச எடுக்காதீக!" என்று டாக்டர் கத்தினார்.

மச்சான் எட்டிப் பார்த்தார். அவரோடு பஸ் ஓட்டும் சிநேகிதர்தான். பொத்தானும் போடவில்லை. நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். திரும்பிவரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, வாயில் பஞ்சோடு, வழியில் தெரிந்த கடைப் பலகை, சுவரொட்டி, சைக்கிள் ஸ்டாண்டு அறிவிப்பு ஒன்று விடாமல் முனகி முனகிப் படித்துக்கொண்டே காளவாசல் வந்து சேர்ந்தார். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, இவரை ஒரு மாதிரியான ஆள் என்று முடிவு செய்துகொண்டார்.

இன்றைக்கு எனக்கு அறுபது தாண்டிவிட்டது. காளவாசலைச் சுற்றிப் பல் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. போன மாதம் என் மேல்பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்த இளம் டாக்டரம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மேல்பல்லின் வலி கன்னத்துக்கும் கண்ணுக்குக் கீழும் நெற்றிப்பொட்டுக்கும் பரவும் என்றும், அதனால்தான் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள் என்றும், பார்வைக்கு உள்ள நரம்பு வேறு என்றும் பொறுமையாக விளக்கினார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். இதை இப்படி விளக்கிச் சொல்ல அன்று எங்களுக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் அக்காவின் பல் மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது.

பல் பிடுங்கிய பிறகு நடந்த கண் பரிசோதனையில் மச்சான் தேறிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான், அக்காவின் பல்லை அடைத்தாலே போதுமாக இருந்தது என்பதையும், நாற்காலியில் அவள் சொன்ன வார்த்தையையும் அவரிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார். டீ ஆறி ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பல் போனதிலிருந்து அக்கா சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள். மச்சானுக்கு வேலை கிடைத்துத் திருமங்கலம் மார்க்கம் கொடுத்ததும், ஊருக்குப் போக நானும் அவளும் அவர் பஸ்ஸிலேயே ஏறினோம். அக்காவுக்கு முன்சீட்டு. கண்டக்டர் என்னவோ கேலி செய்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வழக்கம்போல முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த உள்கண்ணாடியில் மச்சான் அதைப் பார்த்துவிட்டார். தலையைத் திருப்பாமல், பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஏ புள்ள, முந்தானைய எடு. கண்ணு எனக்கு நல்லாத் தெரியுது. நீ சிரிக்கிறத நான் பாக்கணும்ல?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையை மடியில் இறக்கிவைத்துவிட்டு, அந்தப் பல் போன ஓட்டையோடு வாய் நிறையச் சிரித்தாள்.