டெய்ராவில் பார்த்த பேரரசியின் சிறுமிகள்

1986இல் ஷார்ஜா ரோலாவில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பக்கத்துத் துபாயின் டெய்ரா பகுதி ஹோட்டல் ஒன்றில் பழங்கால நாணயக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மேல்மாடி வீட்டுப் பணிப்பெண் லட்சுமியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் யாழ்ப்பாணம், அவள் மலையகத்து ஹட்டன். அவளுடைய ஆறு வயது மகள் ஊரில் தங்கை வீட்டில் இருந்தாள். பிள்ளையை வெளிநாட்டுத் தம்பதிக்குத் தத்துக் கொடுக்கச் சம்மதம் கேட்டு, அங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்று படிவம் அனுப்பியிருந்தது. அதை இங்கிலீஷில் நிரப்பியது நான். "பிள்ளையின்ர எதிர்காலத்தை யோசி" என்று அவளை நச்சரித்ததும் நான்தான். கையெழுத்து மட்டும் பாக்கி. திரும்பும் வழியில் தபாலில் போடுவதாகப் பேச்சு.

காலை ஒன்பதுக்கு ரோலாவில் ஷேர் டாக்ஸி. ஆளுக்கு ஐந்து திர்ஹம். பதினைந்து கிலோமீட்டர் போக அரை மணி நேரம், ஆள் சேரக் காத்திருந்தது கால் மணி. "ஜல்தி, பாய்" என்று அவசரப்படுத்தினேன். "சவாரி மாஃபி" என்று, இன்னும் ஆள் சேரவில்லை எனக் கையை விரித்தார் டிரைவர்.

கண்காட்சிக்குக் கட்டணமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று ரோமத் தங்க நாணயங்கள்.

"எத்தன பவுனு அக்கா?" என்றாள் லட்சுமி.

"ஒவ்வொண்டும் ஒரு பவுணுக்குக் கொஞ்சம் குறைய."

மூன்றிலும் பேரரசி ஃபவுஸ்தீனாவின் முகம். அவர் இறந்தபின், ஏழைச் சிறுமிகளுக்காக அவர் பெயரில் கணவர் தொடங்கிய தர்மத்தின் நினைவாக அடித்ததாம் ஒன்று. அதன் பின்புறம் தெரிய அடியில் முகக்கண்ணாடி வைத்திருந்தார்கள். மேடையில் பேரரசர்; கீழே யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி நீட்டுகிறார்.

"பார், அந்தக் காலத்திலயும் தாய்மார் பிள்ளையளைக் குடுத்திருக்கினம்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "வாங்குன புள்ளைங்கள எங்கக்கா வச்சிருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. காவலிருந்த பம்பாய்க்காரரைக் கேட்டேன். பெரும்பாலும் பெற்றவர்களிடமேதான், வளர்க்க உதவிப்பணம் மட்டும் போகும் என்றார். அதை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப அந்த ராணியம்மா புள்ளைய எடுக்கலையா?"

"எடுக்கேல்ல."

"காசு நானே அனுப்புறேனேக்கா. எம்புள்ளைய எதுக்கு எடுக்குறாங்க?"

நான் கூசிப்போனேன். இத்தனை நாளும் அவளுக்குப் புத்தி சொன்னேனே தவிர, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அங்கே இப்படியான கண்காட்சிக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை என்றால் பத்து மணிக்கு முன் போங்கள், ஜும்மா தொழுகைக்குப் பூட்டிவிடுவார்கள். தெரியாததை அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள்.

வெளியே வந்ததும் லட்சுமி படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

"இதுக்குப் பின்னால வெறுந்தாளா இருக்குல்ல, அதுல எம்புள்ளைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்கக்கா. அம்மா வந்துருவேன்னு எழுதுங்க."