மெஷினுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த நாலு வருஷம்

கம்ப்யூட்டரை உணர்ச்சியோடு வயலின் வாசிக்க வைப்பது என் ஆராய்ச்சி. இதைச் சொல்லிப் பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டாவது காப்பி வரவில்லை. ஆராய்ச்சியில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்ட சகோதரர்களே, என் கதையையும் கேளுங்கள். தொண்ணூறுகளில், தாம்பரத்தில் ஒரு கல்லூரி. நாலு வருஷத்துக்குத்தான் உதவித்தொகை. அதற்குள் டாக்டர் பட்டம் வாங்கினால் அங்கேயே வேலை, இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் கச்சேரி

ஒரு வர்ணத்தைத் தாளம் பிசகாமல் மெஷினில் ஏற்றினேன். கணக்கு அத்தனையும் சரி, கேட்கத்தான் சகிக்கவில்லை. ரூமைப் பெருக்க வந்த முனியம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இன்னா சார் இது, ஐஸ்காரன் மணி மாதிரி கீது?"

பிடிபட்ட உயிர்

மனுஷக் கை எப்படி வாசிக்கிறது என்று அளந்தால்தான் விடியும் என்று, சுசீலா அக்காவை அழைத்து வந்தேன். கச்சேரிகளில் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பவர். தனியாக உட்காரவைத்து அதே வர்ணத்தைப் பதிவு செய்தேன்.

பிறகு மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரமாக அளந்தேன். எல்லாமே தாளத்துக்கு ஒரு இழை பிந்தி விழுந்திருந்தன. உணர்ச்சி இங்கேதான் இருக்கிறதென்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பிந்தலை மெஷினுக்கும் பழக்கினேன். என் பேராசிரியர் முதுகில் தட்டினார்: "இதான்யா உன் தீசிஸ். மளமளன்னு எழுதி முடி."

வைவா

தீசிஸைச் சோதிக்க வந்த தேர்வாளர் சங்கீதம் தெரிந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெஷின் வாசித்து முடித்த பிறகும் திறக்கவில்லை. நான் மனசுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டேன், மடையன். உதவித்தொகை முடிய இரண்டே மாசம் இருக்கும்போது, முதலிலிருந்து செய் என்று தீசிஸ் திரும்பி வந்தது. வைவா அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாசிப்பு சுத்தமா இருக்கு. ஆனா யாருக்காகவோ காத்துண்டே இருக்கே. பாடறவர் எங்கே?"

பொழிச்சலூர் விசாரணை

வயிற்றெரிச்சலோடு பொழிச்சலூரில் சுசீலா அக்கா வீட்டுக்கே போனேன். "தனியாத்தானே வாசிச்சீங்க? ஏங்க்கா எல்லாத்தையும் பிந்தியே வாசிச்சீங்க?" என்று கத்தியேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா பாடறவங்களுக்குப் பின்னாலயே போன கை தம்பி இது. ஒரு தடவை முந்திட்டா அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டாங்க. தனியா வாசிக்கிறோம்னு எனக்குத் தெரிஞ்சுது, கைக்குத் தெரியலையே."

ஆக, பிழைப்பு போய்விடுமோ என்று ஒரு பெண்பிள்ளை இருபது வருஷம் பயந்ததைக் கச்சிதமாக அளந்து மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தேன். பிழைப்பு போனது எனக்கு.