டச்சுக்காரன் பேரில் என் செங்கல்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வரை எந்தச் சுவரைக் காட்டினாலும் அது யார் சூளைக் கல் என்று சொல்லிவிடுவேன். இப்படிச் சொல்ல இந்த ஜில்லாவில் இன்னொரு ஆள் கிடையாது. பன்னிரண்டு வயதில் மண் மிதிக்கப் போனவன், நாற்பதில் மூன்று சூளைக்கு முதலாளி. எவனும் என்னைக் கைதூக்கி விடவில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் படித்தவர்கள் என் விஷயத்தில் நடந்துகொண்ட விதத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அருங்காட்சியகத்திலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பெட்டி வரும். வட்டார வரலாறு படிப்பதற்காம். பானை ஓடு, பழைய காசு, சங்கு வளையல் துண்டு, கூடவே கேள்வித்தாள். பிள்ளைகள் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். ஒரு வாரம் ஒரு பள்ளிக்கூடம், பிறகு அடுத்த ஊர். போன ஆடியில் எங்கள் பள்ளிக்கு வந்தது. ஊரில் பெரிய சூளைக்காரன் என்று தலைமையாசிரியை என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்.

பெட்டியோடு வந்த அதிகாரி அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். வெளியூர்க்காரி. "நம்ம செங்கல்பட்டுக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சு?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

"செங்கல்லுதான். வேற இன்னா?" என்றேன் நான்.

"இல்ல பெரியவரே. செங்கழுநீர்ப் பூவால வந்த பேரு. விவரம் தெரியாதவங்க செங்கல்லுன்னு நெனைச்சுக்குறாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஊருக்கே பேர் கொடுத்த தொழில் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் நான். பூவாம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் அவள் பெட்டியிலிருந்து பஞ்சு சுற்றிய ஒரு செங்கல்லை எடுத்தாள். சின்னக் கல், மெல்லிசு. மேலே மூன்று விரல் இழுத்த தடம். கூடவே ஒரு சீட்டு. அதைத் தலைமையாசிரியை சத்தமாக வாசித்தார்: "டச்சுக்காரர் காலத்துச் செங்கல், சதுரங்கப்பட்டினம். விரல் தடம், பெயர் தெரியாத ஒரு தொழிலாளியுடையது."

பிள்ளைகள் வரிசையாக வந்து தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். நானும் எழுந்து போய் வைத்தேன். உறை போட்ட மாதிரி உட்கார்ந்தது. சின்ன வயதில் மண் அரைக்கும் மெஷினில் என் நடுவிரலில் ஒரு கணு போய்விட்டது. கல்லிலும் நடுத்தடம் மட்டும் கட்டையாக இருந்தது. எழுத்து வெட்டிய அச்சு வாங்க வக்கில்லாத நாளில், ஈரக் கல்லில் விரலை இழுத்துத்தான் என் சூளைக்கு அடையாளம் வைப்பேன். அப்போது சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பழைய வீட்டுக்காரர், உடைந்த சுவருக்குப் பொருத்தமாக இதே அளவில் கல் கேட்டு வாங்கினார். அந்தச் சுவரிலிருந்துதான் இது பெட்டிக்கு வந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, இது என் கல்லு" என்றேன்.

"எல்லார் விரலும் அதுல பொருந்தும் பெரியவரே."

"எல்லாருக்கும் நடு வெரலு கட்டையாவா கீது?" கையைத் தூக்கிக் காட்டினேன். "டச்சுக்காரன் என் சூளையில கூலிக்கா இருந்தான்?"

இந்தத் தடவை பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நன்றாகவே இருந்தது.

"உங்க வாய்வார்த்தை ஆதாரம் ஆகாது. ஆய்வு பண்ணணும்."

"பண்ணு. கல்லு பெட்டியிலயே இருக்கட்டும். சீட்டை மட்டும் மாத்து. பேரு தெரியாத தொழிலாளி இல்ல. என் பேரைப் போடு."

"ஐயா, பிள்ளைங்க முன்னாடி வேணாமே" என்றார் தலைமையாசிரியை.

"புள்ளைங்ககிட்டதானே பொய்யைச் சொன்னீங்க? புள்ளைங்க முன்னாடிதான் மாத்தணும்."

ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியை போன் செய்தார். "நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு ஐயா. அது புதுக் கல்லாம். பெட்டியிலேர்ந்து எடுத்துட்டாங்க."

"சீட்டு?"

"கல்லே இல்லையே, சீட்டு எதுக்கு?"

அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். என் கல் பின்கட்டில் இருந்தது. கால் உடைந்த ஒரு மர பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். டச்சுக்காரனுடையது என்றபோது பஞ்சில் படுக்க வைத்தவர்கள், என்னுடையது என்றதும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அதே கல், அதே நெருப்பில் வெந்தது.

அதிகாரி அம்மா வந்தாள். "புதுசுன்னு நிரூபிச்சதே நீங்கதானே? வரலாற்றுப் பெட்டியில அதுக்கு இடமில்ல. நூறு வருஷம் போகட்டும், பாக்கலாம்."

"நூறு வருசம் கழிச்சும் பேரு தெரியாத தொழிலாளின்னுதானே எழுதப் போறீங்க? இப்ப நான் உசுரோட எதுர்ல நின்னுகினு கீறேன். கேட்டு எழுது."

"உங்க கல்லை எடுத்துட்டுப் போறீங்களா, இல்லையா?"

"வித்த பொருளை நான் திருப்பி எடுக்கறதில்ல. எந்தப் பெட்டியிலேர்ந்து எடுத்தியோ அந்தப் பெட்டியிலயே வை."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் அந்த பெஞ்சிலேயே முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தேன். அது ஆடவில்லை. அவள் திரும்பி வருகிற வரைக்கும் எழுந்திருக்கிற எண்ணம் எனக்கும் இல்லை.